பல்லக்குக்கு அடியில் பாவ்சூ

போன வாரம் எங்கே விட்டேன்? எங்கள் ஸ்கூட்டர் ஷெட் வாசலில். என் அக்கா சியூகிம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி கத்திவிட்டுப் போனாளே, அந்த இடத்தில்.

"அப்பா அம்மா குடுத்த வயித்தை அறுத்துப் போட்டுட்டு வந்தவ, மாட்சு அம்மன் பல்லக்குக்கு அடியில போய்ப் படுக்கப் போறாளாம்! நடுரோட்டுல மயங்கி விழுந்தா என்னைக் கூப்பிடாதீங்க, சொல்லிட்டேன்!"

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். நான் தியென்வாங். தைவானின் மேற்குக் கரையில், காற்று ஓயாத ஒரு சின்ன ஊரில் ஸ்கூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன். மாட்சு, கடலோடிகளைக் காக்கிற எங்கள் அம்மன். பாவ்சூ என் மனைவி. போன வருஷம் வரை நூற்றுப் பதினெட்டு கிலோ. சர்க்கரைக்கு தினமும் ஊசி. மாடிப்படி என்றால் முழங்கால் அழும். ராத்திரி மூச்சு நின்று நின்று வரும் என்று முகத்தில் ஒரு குழாய் மெஷின் வேறு. எங்கள் மகள் யூடிங் ஒற்றைக் காலில் நின்று, அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், எடை குறைக்கிற ஆபரேஷனைச் செய்ய வைத்தாள். வயிற்றை ஒரு முட்டை அளவுக்குப் பையாக வெட்டித் தைத்து, குடலை அதோடு இணைத்தார்கள்.

ஆபரேஷனுக்கு உள்ளே போகிறபோது பாவ்சூ என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வேண்டுதல் வைத்தாள். "நான் உயிரோட வெளிய வந்தா, அடுத்த ஊர்வலத்துல ரோட்டுல குப்புறப் படுத்து, அம்மனோட பல்லக்கை என் மேல போக விடுவேன். போனப்புறம் யார் கையும் புடிக்காம நானே எந்திரிப்பேன்."

வேறு எதையாவது வேண்டிக்கொண்டிருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. அம்மன் பல்லக்கு மேலே கடந்துபோனால் பீடை போகும் என்று, ரோட்டில் வரிசையாகக் குப்புறப் படுப்பது எங்கள் ஊர் வழக்கம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளும் எல்லோரையும் போல வரிசையில் மண்டி போட்டாள். குப்புறப் படுக்க வரவில்லை. பாதியில் சிக்கிக்கொண்டாள். பல்லக்கு வந்து பின்னால் நின்றுவிட்டது. நான்கு தொண்டர்கள் சேர்ந்து தூக்கி ஓரமாக உட்கார வைத்தார்கள். எவனோ ஒரு புண்ணியவான் அதை செல்போனில் பிடித்து, சிரிப்புச் சத்தம் சேர்த்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டான். அதற்கப்புறம் அவள் காய்கறி வாங்கக்கூட வெளியே போகவில்லை. அவன் யாரென்று இன்றைக்கும் தெரியாது. தெரிந்தால் அவன் ஸ்கூட்டருக்கு நான் பிரேக் மாற்ற மாட்டேன்.

இந்த வருஷ ஊர்வலம் எங்கள் ஊரைத் தொடுகிற நாள் இன்றைக்குத்தான்.

காலையில் வாசல்படியில் உட்கார்ந்து பாவ்சூ தன் ஷூ நாடாவைத் தானே கட்டிக்கொண்டாள். முன்பெல்லாம் அது என் வேலை. நான் எதிரே நின்று வேடிக்கை பார்த்தேன்.

"என்னங்க, ஷூவை அப்படிப் பாக்கறீங்க? புதுசா?"

"இல்ல. உன் வயித்தைத் தாண்டி உன் கை கீழ போகுதே, அதைப் பாக்கறேன்."

"வாயைப் பாரு! பையை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. முட்டை வெச்சீங்களா? மாத்திரை?"

வைத்திருந்தேன். அவித்த முட்டை, தண்ணீர், வைட்டமின் மாத்திரைகள். இந்த மாத்திரைகளை உயிர் உள்ளவரை விடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஊசிக்குத்தான் வேலை போய்விட்டது. சர்க்கரை சரியாகிவிட்டதா என்று நான் கேட்டபோது அந்த டாக்டர் சிரிக்கவில்லை. "போயிடுச்சுன்னு சொல்லாதீங்க, அடங்கியிருக்குன்னு சொல்லுங்க. பரிசோதனையை விட்டுடாதீங்க" என்றார். சரி, அடங்கியிருக்கிறது. எனக்கு அது போதும். மூச்சு மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அந்த மெஷின் வருவதற்கு முன்னால், பக்கத்தில் படுத்துக்கொண்டு, இவள் அடுத்த மூச்சை விடுவாளா மாட்டாளா என்று காத்துக் கிடந்தவன் நான். இப்போது சத்தமில்லாமல் தூங்குகிறாள். என் குறட்டையில்தான் தூக்கம் கெடுகிறது என்று புகார் வருகிறது.

தெருவில் இறங்கினால், அடேயப்பா, கூட்டம்! மஞ்சள் தொப்பி, தோளில் கொடி, வெடித்த பட்டாசின் சிவப்புக் காகிதம் காலடியெல்லாம். வயல் பக்கத்திலிருந்து காற்று.

ஊர்வல நாளில் எங்கள் பக்கத்தில் ஒரு வீடுகூடச் சும்மா இருக்காது. வாசலில் மேஜையைப் போட்டு, நடந்து வருகிறவர்கள் கையில் சாப்பாட்டைத் திணிப்பார்கள். யார் எவர் என்று பார்ப்பதில்லை. வேர்க்கடலைக் கஞ்சி, சோயாப் பாலாடை, இலையில் கட்டிய அரிசி உருண்டை, கொய்யாத் துண்டு. வேண்டாம் என்று சொன்னால் அவர்கள் முகம் வாடிப் போகும். அம்மனுக்கு அவர்கள் செய்கிற சேவை அது, எப்படி மறுப்பது?

முட்டை அளவு வயிற்றை வைத்துக்கொண்டு இந்தப் பாதையில் நடப்பது லேசுப்பட்ட காரியமா? பாவ்சூ அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். இரண்டு கையாலும் வாங்குவாள். நெற்றி வரை உயர்த்துவாள். "அம்மன் உங்களை நல்லா வெச்சிருக்கட்டும்" என்பாள். நாலடி தள்ளிப் போனதும் திரும்பி என் கையில் கொடுத்துவிடுவாள்.

நான் சாப்பிட்டேன். என்ன செய்ய? பிரசாதத்தைக் கீழே போட முடியுமா? நாலு தெரு தாண்டுவதற்குள் என் பெல்ட் இரண்டு ஓட்டை தள்ளிப் போயிருந்தது.

பாக்குக் கடை வாசலில் என் பழைய வாடிக்கைக்காரன் லாய் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். பக்கத்தில் தொப்பியோடு நின்ற பாவ்சூவைப் பார்த்தான். என்னை மட்டும் தனியாக இழுத்துப் போனான்.

"அண்ணே, அசிங்கமா இருக்கு. அம்மன் ஊர்வலத்துக்கா வேற ஒருத்தியைக் கூட்டிக்கிட்டு வர்றது? பாவ்சூ அக்காவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

பாவ்சூ பின்னாலேயே வந்து தொப்பியைக் கழற்றினாள். "ஏண்டா லாய், உனக்குப் பொண்ணு பாத்துக் கட்டி வெச்சதே நான்தான்டா. மறந்துட்டியா?"

லாய் வாயில் இருந்த பாக்கை விழுங்கிவிட்டான் என்று நினைக்கிறேன். "அக்கா! மீதியை எங்க விட்டுட்டு வந்தீங்க?"

"எங்கேயும் போகல. உங்க அண்ணன் வயித்துல பாரு."

தெருவே சிரித்தது. பாவ்சூவும் சிரித்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே தெருவில் வேறு மாதிரிச் சிரிப்பைக் கேட்டவள் அவள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் தொப்பையைப் பற்றி அவர்கள் என்ன சொன்னாலும் சொல்லிக்கொள்ளட்டும்.

அடுத்த வளைவில் என் அக்காவின் பந்தல்.

அக்கா ஒல்லி. காற்றடித்தால் பறந்துவிடுவாள் போல இருப்பாள். ஆனால் குரல் மட்டும் பட்டாசு. வருஷா வருஷம் ஊர்வலத்தன்று அண்டா அண்டாவாக ஒட்டரிசிச் சோறு கிளறிப் போடுவாள், காளானும் உலர்ந்த இறாலும் சேர்த்து. நாலு ஊர்க்காரர்கள் தேடி வருவார்கள். அவள் கையால் வாங்கிச் சாப்பிடாதவர்களை அவள் மனுஷராகவே மதிக்க மாட்டாள்.

"வாங்க வாங்க" என்றாள் பாவ்சூவைப் பார்த்து. குரலில் தேனும் இல்லை, வேம்பும் இல்லை. "நடந்தா வந்தே?"

"நடந்துதான்க்கா."

"முகத்துல ரத்தமே இல்ல. ஒரு வாய் சோறு?"

"ஒரு ஸ்பூன் குடுங்கக்கா."

"ஒரு ஸ்பூனா? பூனைக்கு வெக்கிறேன் ஒரு ஸ்பூன்!" கரண்டியை அண்டாவில் டங்கென்று போட்டாள். அப்புறம் என்ன தோன்றியதோ, பந்தலுக்குப் பின்னால் போய் ஒரு பிளாஸ்க்கை எடுத்து வந்தாள். குவளையில் ஊற்றினாள். கருகருவென்று, ஆவி பறக்க. "சோறு வேண்டாம். இதையாவது குடி. வேர்க் கஷாயம். விடியக்காலைல கோயில்ல அம்மன் முன்னாடி வெச்சு எடுத்துக்கிட்டு வந்தது."

பாவ்சூ தயங்கினாள். "இனிப்பு இருக்காக்கா? எனக்கு இனிப்பு ஆகாது."

"கஷாயத்துல எங்கடி இனிப்பு? கசக்கும். ஒரே மடக்குல குடி."

அம்மன் முன்னால் வைத்து எடுத்தது என்று சொன்ன பிறகு எங்கள் ஊரில் யாரும் மறுக்க மாட்டார்கள். பாவ்சூ நெற்றி வரை உயர்த்திக் கும்பிட்டுவிட்டு ஒரே மடக்காகக் குடித்தாள். குடித்து முடித்ததும் அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். குவளையைத் திருப்பிக் கொடுத்தாள்.

பெரிய ரோட்டில் வரிசை சேர்ந்துகொண்டிருந்தது. பல்லக்கு வடக்கிலிருந்து வருகிறதாம். மண்டி போட்டு நீளமாக உட்கார்ந்திருந்தார்கள், குழந்தைகள், கிழவர்கள், சக்கர நாற்காலியோடு ஒருத்தர். பாவ்சூ போய் நடுவில் இடம் பிடித்தாள். சட்டென்று மண்டி போட்டாள், சத்தமே இல்லாமல். அவள் முழங்கால் மடங்குகிற சத்தம் எனக்குப் பழக்கம். இப்போது அது இல்லை.

கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். "என்னங்க" என்றாள். திரும்பிப் பார்த்தால் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. நெற்றியிலிருந்து வியர்வை ஒழுகியது. நெஞ்சைக் கையால் அமுக்கிக்கொண்டாள். "படபடன்னு அடிக்குது. வயிறு முறுக்குது. நான் படுக்கணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு பெண்கள் உதவிக்கு வந்தார்கள். மூடியிருந்த ஒரு கடை வாசலின் நிழலில் அவளைப் படுக்க வைத்தோம்.

அதற்குள் செய்தி பந்தலுக்குப் போய், அக்கா ஓடி வந்துவிட்டாள். கையில் ஒரு பீங்கான் கரண்டி. "வெயில் ஏறிடுச்சு! கழுத்தைக் காட்டு, கரண்டியால சுரண்டிச் சூட்டை எடுத்துடறேன்! நான் அப்பவே சொன்னேன்ல? சொன்னேனா இல்லையா? அறுத்துப் போட்ட உடம்பு! தெம்பு எங்கிருந்து வரும்?"

சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். அவர்களில் ஒருத்தி செல்போனை வேறு உயர்த்தினாள். எனக்கு வந்ததே கோபம்!

"அந்தப் போனைக் கீழ இறக்கும்மா!" என்று கத்தினேன். அப்புறம் அக்காவின் பக்கம் திரும்பினேன். அறுபதை எட்டப் போகிறேன், இதுவரை அக்கா முன்னால் குரலை உயர்த்தியவன் இல்லை. "அந்தக் கஷாயத்துல என்ன போட்டே?"

"என்னடா கத்தறே? மருந்துதான் போட்டேன். வேரு, இலந்தை, லோங்கன் பழம், கருப்பு வெல்லம்..."

"வெல்லமா! எவ்வளவு?"

"கை நிறைய. ஏன்? கருப்பு வெல்லம் என்ன சர்க்கரையா? அது மருந்துடா! பிள்ளை பெத்தவளுக்கு, ரத்தம் போனவளுக்கு, எல்லாருக்கும் அதைத்தானே குடுக்கறோம்? நம்ம ஊருல தெம்பு வர்றதுக்கு வேற என்ன இருக்கு?"

அவள் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் வெள்ளைச் சர்க்கரைதான் கெட்டது. கருப்பு வெல்லம் மருந்து. நானே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன், ஆஸ்பத்திரியில் யூடிங் என்னை உட்கார வைத்துப் பாடம் எடுக்கிற வரை. பாவ்சூவின் வயிறு இப்போது ஒரு குட்டிப் பை. இனிப்பு அதில் நிற்காது, நேராகக் குடலுக்குள் விழும். விழுந்ததும் குடல் ரகளை பண்ணும். வியர்க்கும், நெஞ்சு அடிக்கும், வயிறு முறுக்கும். உயிருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்துதான் ஆக வேண்டும்.

"கரண்டியை உள்ள வைங்கக்கா" என்றாள் பாவ்சூ, கண்ணைத் திறக்காமலே. "வெயிலும் இல்ல, தெம்பில்லாமையும் இல்ல. உங்க வெல்லம்தான். என் குடல் என்னைத் திட்டுது. திட்டி முடிக்கட்டும்."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் கெடுதலுக்கா குடுத்தேன்? கிண்ணம் சோத்தைத் தொட மாட்டேங்கறே. முடி கொத்துக் கொத்தாக் கொட்டுச்சு. கழுத்தெலும்பு தெரியுது. எனக்கு ராத்திரி தூக்கம் வரலைடி. எங்க அம்மா கடைசி வருஷம் இப்படித்தான் உருகிப் போனா. பாத்துக்கிட்டே இருந்தேன், ஒண்ணும் பண்ண முடியல."

சொல்லிவிட்டு அழுதாள். என் அக்கா அழுது நான் பார்த்தது அம்மாவின் சாவில்தான். சாபம் விட்டாளே, கத்தினாளே, எல்லாம் இந்தப் பயம்தானா என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பைத்தியக்காரி, முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

பாவ்சூ கையை நீட்டி அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அத்தை சீக்கு வந்து மெலிஞ்சாங்க. நான் சீக்கு போய் மெலிஞ்சிருக்கேன். கொட்டின முடி திரும்ப முளைச்சிருச்சு, தொட்டுப் பாருங்க. ஊசியே போடல இப்ப. மாடி ஏறி நானே துணி காயப் போடறேன். கொஞ்சமாத்தான் சாப்பிடறேன், ஆனா அதுல முட்டையும் மீனும் முதல்ல போகுது. நான் பட்டினி கிடக்கல."

அக்கா நிஜமாகவே அவள் தலையைத் தொட்டுப் பார்த்தாள். காதோரம் குட்டி குட்டியாக முளைத்திருந்த முடியை விரலால் நீவினாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வெள்ளையாத்தான் முளைச்சிருக்கு" என்றாள்.

அவளால் ஒன்றை முழுசாகப் பாராட்ட முடியாது, பாவம்.

அப்போதுதான் பெரிய ரோட்டில் விசில் சத்தம். "திரும்பிடுச்சு! பல்லக்கு திரும்பிடுச்சு! பெட்ரோல் பங்க் பக்கத்துச் சந்துல போகுது!"

எங்கள் அம்மன் போகிற பாதை முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. தூக்குகிறவர்கள் தோளில் அவள் அசைவாள். அசைகிற பக்கம் போவார்கள். பெரிய ரோட்டில் காத்திருந்த வரிசை மொத்தமும் அலறி எழுந்து ஓடியது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, கொடியைப் பிடித்துக்கொண்டு, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு.

பாவ்சூ எழுந்து உட்கார்ந்தாள். முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. ஆனால் உதடு இன்னும் வெளுப்பு.

"வேண்டாம்" என்றேன். "சந்து தூரம். அம்மன் புரிஞ்சுக்குவா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு சொல்லியே பாதி ஆயுசு வீட்டுக்குள்ள உட்கார்ந்துட்டேன். இன்னைக்கு விட்டா நான் இனிமே வெளிய வர மாட்டேங்க. என்னை எனக்குத் தெரியும்."

நான் அக்காவைப் பார்த்தேன், அவளாவது தடுப்பாள் என்று. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். முந்தானை மாதிரிக் கட்டியிருந்த சமையல் துணியை இறுக்கி முடிந்தாள்.

"தண்ணி ரெண்டு வாய் குடி. நான் முன்னாடி போறேன். எவன் வழி விடலைன்னு பாக்கறேன்."

ஓடினார்கள். நிஜமாகவே ஓடினார்கள்! முன்னால் என் அக்கா, "வழி! வழி! வேண்டுதல் இருக்கு!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு. பின்னால் பாவ்சூ, கையை வீசிக்கொண்டு. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவள் ஓடி நான் பார்த்ததே கிடையாது. பஸ்ஸுக்குக்கூட ஓட மாட்டாள். அடுத்த பஸ் வரும் என்று நிற்பாள்.

நானும் ஓடினேன். பெட்ரோல் பங்க் வரைகூட என் மூச்சு வரவில்லை. காலையிலிருந்து நான் விழுங்கிய பிரசாதமெல்லாம் உள்ளே குலுங்கியது. விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நாய் மாதிரி மூச்சு வாங்கினேன். பக்கத்துப் பந்தலிலிருந்து ஒரு பெண் ஓடி வந்து என் கையில் ஒரு கிண்ணம் பாலாடையைத் திணித்தாள். "ஐயோ தாயே, போதும்!" என்று கும்பிட்டேன்.

சந்துக்குள் நான் போய்ச் சேர்ந்தபோது மேளம் பக்கத்தில் கேட்டது. ஜனங்கள் ஏற்கெனவே ஒருத்தர் பின் ஒருத்தராகக் குப்புறப் படுத்திருந்தார்கள், சந்தின் கோடி வரை. தலைக்கு மேல் கை. முகம் தார் ரோட்டில். பல்லக்கு அந்த முனையில் அசைந்து வந்துகொண்டிருந்தது.

பாவ்சூவைத் தேடினேன்.

கூட்டத்தில் அவளைத் தேடுவது எனக்கு ஒரு வேலையாகவே இருந்ததில்லை. சந்தையானாலும் கல்யாண விருந்தானாலும் கண்ணை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். இருப்பதிலேயே பெரிய முதுகு எதுவோ, அதுதான் என் பெண்டாட்டி. இன்றைக்கும் என் கண் அந்த முதுகைத்தான் தேடியது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தேன். இல்லை. திரும்பவும் பார்த்தேன். இல்லவே இல்லை.

வழியில் விழுந்துவிட்டாளா? எல்லா முதுகுகளும் ஒரே மாதிரி இருந்தன. எல்லாம் சாதாரண மனுஷர்களின் முதுகு. பல்லக்கு அந்த முதுகுகளுக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது, எங்கும் நிற்காமல், எதிலும் இடிக்காமல். நான் சுவரோரம் நின்று, எந்த முதுகு என்று தெரியாமல், எல்லா முதுகுகளுக்கும் சேர்த்துக் கும்பிட்டேன்.

பல்லக்கு கடந்தது. வரிசை எழுந்தது.

நடுவில் ஒரு பொம்பளை. உள்ளங்கையை ஊன்றினாள். ஒரு முழங்கால். அடுத்த முழங்கால். பக்கத்திலிருந்த தொண்டர் கை நீட்டினார். அவள் தலையை அசைத்து மறுத்துவிட்டு, நிமிர்ந்து நின்றாள். கன்னத்தில் சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தது.

அவள்தான்! முப்பது வருஷம் கூட வாழ்ந்தவன், முகத்தைப் பார்த்த பிறகுதான் கண்டுபிடித்தேன்!

"அது என் பெண்டாட்டி!" என்று கத்தினேன். பக்கத்தில் நின்றவரின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "பாருங்க! அதோ நிக்கறாளே, அது என் பெண்டாட்டி!"

"சரிங்க" என்றார் அவர். "எல்லாருக்கும் ஒண்ணு இருக்குங்க."

நான் அழுதேன். சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். பாவ்சூவுக்குப் பின்னாலேயே அக்காவும் படுத்திருந்திருக்கிறாள். எழுந்தவள் நிற்காமல் ரோட்டோரம் உட்கார்ந்து, சமையலுக்குப் போட்டிருந்த ரப்பர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"உள்ள ஈரமா இருக்குடி. ஓடினதுல வேர்த்துடுச்சு போல" என்றாள்.

பூட்ஸ் வெளியே வந்தது. சாக்ஸ் முழுக்க ரத்தம். பூட்ஸின் அடியைத் துளைத்துக்கொண்டு ஒரு ஆணி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. பந்தல் போட்ட ஆணியாக இருக்கும். பாதத்தில் ஆழமாக இறங்கியிருந்தது காயம். அதன் ஓரத்தில் பழைய புண் ஒன்று கறுத்துப் போய்க் கிடந்தது.

அக்கா அதைக் குனிந்து பார்த்தாள், யாருடைய காலையோ பார்க்கிற மாதிரி. "எப்பக் குத்துச்சு? தெரியவே இல்லையே. வலிக்கக்கூட இல்ல பாரேன்."

பாவ்சூவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. ஊசி போட்டுக்கொண்டிருந்த காலத்தில், தினமும் கண்ணாடியைத் தரையில் வைத்து, அவள் பாதத்தில் காயம் இருக்கிறதா என்று நாங்கள் இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம். காயம் பட்டும் வலிக்கவில்லை என்றால் அது சர்க்கரையின் வேலை என்று எங்களுக்குத் தெரியும்.

"அக்கா, எத்தனை நாளா கால் மரத்துப் போகுது?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நின்னுக்கிட்டே வேலை செய்யற கால்."

"ராத்திரி எத்தனை தடவை ஒண்ணுக்குப் போக எந்திரிக்கறீங்க? ரத்தம் என்னைக்காவது குடுத்துப் பாத்திருக்கீங்களா?"

"எனக்கு எதுக்குடி அதெல்லாம்?" அக்காவின் குரல் முதல் தடவையாகச் சின்னதாக வந்தது. "நான் ஒல்லிடி. குண்டா இருக்கறவங்களுக்குத்தானே அந்தச் சீக்கு வரும்?"

 பாவ்சூ என் பையிலிருந்த துண்டை எடுத்துக் காலைச் சுற்றிக் கட்டினாள். அப்புறம் திரும்பி, அக்காவுக்கு முதுகைக் காட்டிக் குந்தினாள்.

"ஏறுங்க."

"உனக்கென்ன பைத்தியமா? இப்பத்தான் மயங்கிக் கிடந்தே! டேய் தியென்வாங், நீ தூக்குடா!"

நான் முன்னால் வந்தேன். இன்னும் மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. பாவ்சூ என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இவரைத் தூக்கவே ரெண்டு ஆள் வேணும். முதலுதவிக் கூடாரம் சந்து முனையிலதான் இருக்கு. ஏறுங்கக்கா."

அக்கா ஏறினாள். பாவ்சூ ஒரு கையைத் தரையில் ஊன்றினாள். பல்லைக் கடித்தாள். எழுந்தாள், முதுகில் என் அக்காவோடு. கூட்டம் தானாக விலகியது. யாரும் சிரிக்கவில்லை.

நான் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். அக்கா அவள் காதருகில் குனிந்து கேட்டது எனக்கும் கேட்டது.

"காலை எடுத்துடுவாங்களாடி?"

"வாயை மூடிக்கிட்டு, கெட்டியாப் புடிச்சுக்குங்க."

என் அக்காவை வாயை மூடச் சொன்னவர்கள் இந்த ஊரில் இதுவரை யாரும் இல்லை. அவள் வாயை மூடிக்கொண்டாள். இரண்டு கையாலும் என் பெண்டாட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.